பதினொன்று, ஐந்து, ஆறு

1911ஆம் ஆண்டு ஏப்ரல் 2, ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில், பிளாக்பர்ன் நகரத்தின் மில் தொழிலாளர் தெரு ஒன்றில், என் மாமியாரின் கொள்ளுத் தாத்தா பேனாவை எடுத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தை நிரப்பினார். அவருடைய கையெழுத்தாக இன்று இருப்பது அந்த ஒரு தாள்தான். அதற்கு முந்தைய கணக்கெடுப்புகளில் வீட்டார் எழுதிய தாள்கள் அழிக்கப்பட்டுவிட்டன. கணக்கெடுப்பாளர் படி எடுத்த புத்தகங்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. 1911இல்தான் முதன்முறையாக வீட்டுத் தலைவரின் கையெழுத்துத் தாளே பாதுகாக்கப்பட்டது. கடிதமோ நாட்குறிப்போ விட்டுப் போகாத ஒரு நெசவுக் குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய சொத்து என்பது அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

மாமியாரை நான் 'அத்தை' என்றே அழைக்கிறேன். கல்யாணமான புதிதில் சென்னிமலைப் பழக்கத்தில் வாய் தவறி வந்த சொல், அவர்களுக்குப் பிடித்துப்போய் நிலைத்துவிட்டது. அத்தைக்கு எண்பது வயது நெருங்குகிறது. "என் பாட்டிக்கு முந்தினவர்களைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. எல்லாரும் மில்லில் வேலை செய்தார்கள் என்பார்கள். அவ்வளவுதான்" என்று போன குளிர்காலத்தில் ஒருநாள் சொன்னார்கள். அந்த 'அவ்வளவுதான்' என்னை உறுத்தியது. நானும் தறிக்காரர் வீட்டுப் பெண். அன்று தொடங்கிய வேலையின் பதிவு இது. குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி பெயர்களைத் தவிர்த்து, உறவுமுறையையும் தொழிலையும் வைத்தே எழுதுகிறேன்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போவதுதான் இந்த வேலையின் முதல் ஒழுங்கு. 1939 செப்டம்பர் 29இல் போருக்காக எடுத்த பதிவேட்டில் அத்தையின் அம்மா கிடைத்தார். திருமணத்துக்குப் பின் வந்த பெயரை யாரோ ஓர் அலுவலர் பழைய பெயரின் மேலேயே பிறகு எழுதிச் சேர்த்திருந்தார். அந்தப் பதிவேடு பின்னாளில் தேசிய சுகாதாரச் சேவைக்கும் பயன்பட்டதால் நேர்ந்த நன்மை. 1941இல் போர் காரணமாகக் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 1931இல் எடுத்ததோ 1942 டிசம்பரில் ஒரு தீ விபத்தில் எரிந்துபோனது. ஆகவே அங்கிருந்து ஒரே தாவலாக 1921க்குப் போக வேண்டியிருந்தது. அதில் வேலை செய்யும் இடத்தின் பெயரையும் கேட்டிருந்ததால் அத்தையின் பாட்டி எந்த மில்லில் நெய்தார் என்பது வரை தெரிந்தது. அதிலிருந்து 1911க்கு வர ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது. கட்டணத் தளங்களை இங்குள்ள பொது நூலகங்கள் பலவற்றில் இலவசமாகப் பார்க்கலாம். நான் பெரும்பாலும் நூலகக் கணினியில்தான் வேலை செய்தேன்.

இனி அந்தத் தாள்.

கணவருக்கு 49 வயது, மனைவிக்கு 47, இருவரும் பருத்தி நெசவாளர்கள். ஐந்து பிள்ளைகள். அத்தையின் பாட்டி அவர்களில் மூத்தவர், வயது 23. ஏழு பேருக்கு நான்கு அறைகள், சமையலறையையும் சேர்த்து. கடைசிப் பிள்ளையின் பெயருக்குக் கீழே ஆறாவதாக ஒரு பையனின் பெயரை எழுதி, அதன் மேல் கோடு இழுத்திருந்தது. கோட்டுக்கு அடியிலும் பெயரைப் படிக்க முடிந்தது. மனைவியின் வரிசையில் மூன்று சிறிய கட்டங்கள்: உயிரோடு பிறந்த பிள்ளைகள் 11, இப்போது இருப்பவர்கள் 5, இறந்தவர்கள் 6. முதல் எண்ணிலும் கடைசி எண்ணிலும் மை தடித்திருந்தது. திருத்தி எழுதியது போலத் தோன்றியது. அப்போது அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டதோடு சரி.

இந்த மூன்று கேள்விகளும் 1911இல்தான் கேட்கப்பட்டன. பிள்ளைப்பேறும் குழந்தை இறப்பும் எப்படி மாறிவருகின்றன என்று அறிய அரசு விரும்பியது. அரசுக்கு எண்ணிக்கை போதும். எனக்கு அந்த ஆறு பேரின் பெயர் வேண்டும் என்று தோன்றியது. பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் கணக்கில், இடையில் பிறந்து இடையில் போய்விட்ட குழந்தை எங்குமே பதிவாகாது. 1891இல் அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகள், 1901இல் நான்கு, 1911இல் ஐந்து. கணக்கெடுப்பு ஏடுகளை மட்டும் படிப்பவருக்கு இது அமைதியாக வளர்ந்த ஒரு குடும்பமாகத்தான் தெரியும்.

இதே தாளில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இணையச் சுட்டுப் பட்டியல் ஒன்றில் நான்காவது பிள்ளையான 13 வயதுப் பையனின் தொழிலை 'டீச்சர்' என்று போட்டிருந்தார்கள். 13 வயதில் ஆசிரியரா? மூலத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் 'ரீச்சர் இன்'. கையெழுத்தில் அந்த இரண்டு ஆங்கில எழுத்துகளும் ஒன்றுபோல வளைந்திருந்தன. ரீச்சர் என்பது என்ன வேலை என்று நான் எந்த அகராதியையும் தேடிப் போகவில்லை. புதுப் பாவை விழுதிலும் அச்சிலும் கோக்கும்போது ஒருவர் இந்தப் பக்கம் கொக்கியை நீட்டுவார். மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் சின்னப் பிள்ளை ஒவ்வோர் இழையாகப் பிரித்து எடுத்துக் கொடுக்க வேண்டும். என் அம்மாயி எட்டு வயதில் செய்த வேலை அது. கழுத்து வலிக்கும், தலையைத் தூக்கினால் இழை தவறும் என்று அடிக்கடி சொல்வார்கள். பிளாக்பர்னில் அதற்குச் சம்பளமும் ஒரு பெயரும் இருந்தன. வேறுபாடு அவ்வளவுதான். வைண்டர் என்றால் நூல் சுற்றுபவர், வார்ப்பர் என்றால் பாவு ஓட்டுபவர், டேக்ளர் என்றால் தறியைச் சரிபார்க்கும் மேஸ்திரி. இந்தப் பெயர்கள் தெரிந்திருந்தால் ஒரு குடும்பம் மில்லின் எந்தப் படியில் நின்றது என்பது விளங்கும்.

ஆறு பேரைத் தேடத் தொடங்கினேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 ஜூலை 1 முதல் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசு பதிவு செய்கிறது. பொதுப் பதிவாளர் அலுவலகத்தின் இணையச் சுட்டில் பிறப்புகளுக்குத் தாயின் பிறந்த வீட்டுப் பெயரும், இறப்புகளுக்கு வயதும் கிடைக்கின்றன. எனக்கு இது பெரிய திறவுகோல். குடும்பப் பெயர் லங்காஷயரில் தெருவுக்கு நான்கு வீட்டில் இருக்கக்கூடிய பெயர். தாயின் குடும்பப் பெயரும் சேர்ந்தால் அந்த இணை பிளாக்பர்ன் வட்டாரத்தில் ஒன்றே ஒன்றுதான். தேடல் பெட்டி ஆண்டுக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு ஆண்டுகளையே அனுமதிக்கும். ஆண், பெண் தனித்தனியாகக் கேட்க வேண்டும். 1885 முதல் 1911 வரை ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரித்து, ஆறு முறை ஆண், ஆறு முறை பெண் என்று பன்னிரண்டு தேடல்கள். ஒவ்வொன்றையும் தேதியோடு குறித்துவைத்தேன், ஒன்றும் கிடைக்காதவற்றையும் சேர்த்து. எதைத் தேடி எது கிடைக்கவில்லை என்ற குறிப்பு இல்லாவிட்டால் மூன்று வாரம் கழித்து அதே கிணற்றை மறுபடியும் தூர்வாருவோம்.

பத்துப் பிறப்புகள் கிடைத்தன. ஐந்து பேர் தாளில் இருக்கும் ஐவர். மற்ற ஐந்து பேருக்கும் இறப்புச் சுட்டில் இணை கண்டுபிடித்தேன். 1889இல் பிறந்து ஏழு மாதத்தில் போன பெண். 1892இல் பிறந்து பதினோரு மாதம் இருந்த பையன். 1894இல் ஆறே நாள். 1899இல் பிறந்து ஐந்து மாதம். 1906இல் பிறந்து 1910 டிசம்பரில் நான்கு வயதில் இறந்த பையன். கோட்டுக்கு அடியில் இருந்த பெயர் இவனுடையதுதான். கணக்கெடுப்புக்கு நான்கு மாதத்துக்கு முன்பு இறந்திருக்கிறான். தகப்பனார் கை பழக்கத்தில் எழுதியிருக்க வேண்டும், பிறகு அடித்திருக்க வேண்டும். அந்த வரியில் வயதுக் கட்டம் காலியாக இருந்தது.

1889, 1899 ஆகிய இரு மரணங்களும் செப்டம்பர் காலாண்டில், அதாவது ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மூன்று மாதங்களில், பதிவானவை. சான்றிதழ்ப் பிரதிகளைப் பணம் கட்டி வாங்கினேன். இரண்டிலும் காரணம் வயிற்றுப்போக்கு. 1890களின் கடைசியில் கோடைகள் கடுமையாக இருந்தன. மில் நகரங்களில் ஒவ்வொரு கோடையும் கைக்குழந்தைகளை இப்படி வாரிக்கொண்டு போனது. தாய் மில்லுக்குத் திரும்பியாக வேண்டும், குழந்தைக்குப் புட்டிப்பால், அந்தப் பாலைக் கெடாமல் வைக்க வழியில்லை. ஆறு நாள் குழந்தைக்குப் 'பிறவிப் பலவீனம்' என்று எழுதியிருந்தது. அதற்கும் பெயர் வைத்திருந்தார்கள். பிறந்த மூன்றாம் நாள் வீட்டிலேயே ஞானஸ்நானம் கொடுத்ததாகத் தேவாலயப் பதிவேட்டில் போதகர் ஓரத்தில் குறித்திருந்தார். அந்த ஓரக்குறிப்பை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தை பிழைக்காது என்று தெரிந்து யாரோ ஓடிப்போய் அவரை அழைத்து வந்திருக்கிறார்கள்.

பத்து ஆயிற்று. பதினொன்றாவது பிள்ளையைக் காணோம். எழுத்துப் பிழைகளை எல்லாம் போட்டுப் பார்த்தேன், பக்கத்து வட்டாரங்களையும் பார்த்தேன். 1875க்குப் பிறகு பிறப்பைப் பதியாவிட்டால் அபராதம் உண்டு. ஆகவே பதிவே இல்லாமல் போயிருக்கும் என்று எளிதாகச் சொல்லவும் முடியவில்லை. இறந்தே பிறந்திருக்குமோ என்றால், படிவம் கேட்டதே உயிரோடு பிறந்தவர்களை. இந்த இடத்தில் தேடலை நிறுத்திவைத்து, தாளில் மனைவியாக இருப்பவரின், அதாவது அத்தையின் கொள்ளுப்பாட்டியின், தகப்பனார் வழியே பின்னோக்கிப் போனேன்.

கொள்ளுப்பாட்டி பிறந்தது 1864இல். 1861இல் அவருடைய பெற்றோர் நெசவாளர்கள், 1871இலும் நெசவாளர்கள். ஏட்டைப் பார்த்தால் இடையில் ஒன்றும் நடக்காதது போலத் தெரியும். ஆனால் 1861 கணக்கெடுப்பு ஏப்ரல் 7இல் நடந்தது; அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் குண்டு ஏப்ரல் 12இல் வெடித்தது. அடுத்த நான்கு ஆண்டுகளில் அமெரிக்கப் பஞ்சு வராமல் லங்காஷயர் மில்கள் பல மூடிக் கிடந்தன. லட்சக்கணக்கானோர் நிவாரணத்தில் வாழ்ந்தார்கள். கணக்கெடுப்பு ஏட்டில் இந்தப் பஞ்சுப் பஞ்சத்தின் சுவடே இல்லை. தேவாலயப் பதிவேட்டில் இருக்கிறது. 1813 முதல் அச்சடித்த ஞானஸ்நானப் பதிவேட்டில் தகப்பனின் தொழிலுக்கென்று ஒரு கட்டம் உண்டு. கொள்ளுப்பாட்டியின் தகப்பனாருடைய பிள்ளைகளில் 1860இல் ஞானஸ்நானம் பெற்றவருக்கு எதிரே 'நெசவாளர்', 1864இல் கொள்ளுப்பாட்டிக்கு எதிரே 'கூலியாள்', 1867இல் மறுபடியும் 'நெசவாளர்'. வேலையிழந்த மில் தொழிலாளர்களைச் சாக்கடை, சாலைப் பணிகளில் அமர்த்த 1863இல் ஒரு சட்டமே வந்தது. இவர் அதில் மண் வெட்டினாரா, வேறு எங்காவது கூலிக்குப் போனாரா என்பதை அந்த ஒற்றைச் சொல் சொல்லாது. தறி நின்றுபோனதை மட்டும் சொல்லும். கணக்கெடுப்பு பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த புகைப்படம் என்றால், தேவாலயப் பதிவேடு அந்தப் புகைப்படங்களுக்கு நடுவே வீட்டுக்குள் எட்டிப் பார்த்தவரின் வாக்குமூலம். இரண்டையும் அருகருகே வைக்காமல் எதையும் முடிவு செய்யக்கூடாது என்று அன்று எழுதிவைத்தேன்.

1871இல் கொள்ளுப்பாட்டியின் அண்ணனுக்குப் பத்து வயது. 'பாதி நேரம்' என்று தொழில் எழுதியிருந்தது. நாளில் பாதி மில், பாதி பள்ளி. அப்போது எட்டு வயதிலேயே சட்டம் அதை அனுமதித்தது. 1918 கல்விச் சட்டம்தான் அதை ஒழிக்க வழிசெய்தது.

அடுத்து நான் செய்த தவறு. அதற்கு இரண்டு மாதம் போயிற்று.

கொள்ளுப்பாட்டியின் தகப்பனார் 1858இல் திருமணம் செய்தார். திருமணச் சான்றிதழில் அவருடைய தகப்பனின் பெயர், தொழில் கைத்தறி நெசவு. வயதைக் கொண்டு கணக்கிட்டால் பிறப்பு 1835 வாக்கில். 1837க்கு முந்தியது என்பதால் அரசுப் பதிவு இல்லை, தேவாலயம்தான் கதி. பிளாக்பர்ன் பாரிஷ், அதாவது அந்தத் தேவாலயத்தின் எல்லைக்குட்பட்ட பகுதி, மிகப் பரந்தது. சுற்றியிருந்த சிற்றூர்கள் பலவும் அதற்குள் அடக்கம். தன்னார்வலர்கள் படியெடுத்து இலவசமாக இணையத்தில் வைத்திருக்கும் லங்காஷயர் பதிவேடுகளில் தேடினேன். பெயர் பொருந்தியது, தகப்பன் பெயர் பொருந்தியது, தகப்பன் நெசவாளர், ஊர் மெல்லர். மகிழ்ச்சியில் அங்கேயே நங்கூரம் போட்டு, மெல்லர் குடும்பத்தைப் பின்தொடர்ந்து 1780கள் வரை போய்விட்டேன். அத்தைக்கும் ஒரு மரம் வரைந்து கொடுத்தேன்.

பிறகு ஒரு மழை நாளில், வேறொருவருக்காக அடக்கப் பதிவேட்டைப் புரட்டும்போது அதே பெயர் கண்ணில் பட்டது. 1838, மெல்லர், வயது மூன்று. நான் பின்தொடர்ந்த பையன் திருமணம் செய்ய இருபது ஆண்டுகளுக்கு முன்பே மண்ணுக்குள் போயிருந்தான். மரத்தை வாங்கிக் கிழித்தேன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. "அந்தப் பையனையும் யாராவது தேடிக்கொண்டிருப்பார்கள்" என்றார்கள்.

அன்றிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டேன். ஞானஸ்நானம் கிடைத்தவுடன் அடுத்த ஐந்து ஆண்டுகளின் அடக்கப் பதிவேட்டைப் பார்க்காமல் யாரையும் மூதாதையர் என்று எழுதுவதில்லை. குழந்தைகள் அவ்வளவு இறந்த காலத்தில், ஒருவர் பிறந்ததற்கான சான்று அவர் வளர்ந்ததற்கான சான்று ஆகாது. இதைத் தொடங்கும்போதே யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். இனித் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்கிறேன்.

சரியான ஆளைக் காட்டிக்கொடுத்தது ஒரு சாட்சி. 1858 திருமணப் பதிவில் சாட்சியாகக் கைநாட்டு வைத்த ஒரு பெண்ணின் பெயர் சற்று அரிதானது. குடும்பப் பெயர் மாப்பிள்ளையின் குடும்பப் பெயரே. அக்காவாகவோ தங்கையாகவோ இருக்க வேண்டும். மாப்பிள்ளையை விட்டுவிட்டு அவரைத் தேடினேன். 1851 கணக்கெடுப்பில், பிளாக்பர்னில், முற்றிலும் வேறு குடும்பப் பெயருள்ள ஒருவரின் வீட்டில் இருந்தார். அவரோடு 16 வயதில் நம் ஆள். வீட்டுத் தலைவருக்கு இவர் என்ன உறவு என்ற கட்டத்தில், மகளின் கணவன் என்ற பொருளில், 'மருமகன்'. திருமண நிலை: மணமாகாதவர். மணமாகாத 16 வயது மருமகன் எப்படி இருக்க முடியும்?

அந்தக் காலத்து ஆங்கிலத்தில், மனைவியின் முதல் திருமணத்துப் பிள்ளையையும் அதே சொல்லால்தான் குறித்தார்கள். இவர் மாற்றாந்தந்தையின் வீட்டில் வளர்ந்தவர். கணக்கெடுப்பாளரோ அவருக்கு மாற்றாந்தந்தையின் குடும்பப் பெயரையே போட்டுவிட்டார். அதனால்தான் அத்தனை மாதமும் சுட்டில் அகப்படவில்லை. பிறந்த ஊர்க் கட்டத்தில் 'டாக்ஹோல்ஸ்' என்று தெளிவாக இருந்தது. பிளாக்பர்னுக்குத் தெற்கே, மேட்டுநிலத்தில், கைத்தறிக்காரர்கள் நிறைந்திருந்த ஊர்.

பெயரைப் பிடித்துக்கொண்டு தேடினால் பெயர்தான் கிடைக்கும். ஆளைக் கண்டுபிடிக்கச் சாட்சியையும், அண்டை வீட்டையும், உடன்பிறந்தவளையும் தேட வேண்டும்.

அதன் பிறகு வழி நேராயிற்று. 1841 கணக்கெடுப்பில் டாக்ஹோல்ஸில் முழுக் குடும்பமும் இருந்தது. தகப்பன் 40, தாய் 35. பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்ன கணக்கெடுப்பு அது. 44 வயதுக்காரரும் 40தான். உறவுமுறையையும் கேட்கவில்லை. பிறந்த ஊர் என்றால் இதே மாவட்டமா, ஆம் அல்லது இல்லை, அவ்வளவே. தொழில் கட்டத்தில் கைத்தறி நெசவாளர் என்பதன் மூன்று முதலெழுத்துகள், அடுத்தடுத்த வீடுகளிலும் அதே மூன்று எழுத்துகள், பக்கம் முழுவதும். அந்த நேரத்தில் கைத்தறி நெசவாளரின் கூலி விசைத்தறிக்கு எதிரே தேய்ந்து தேய்ந்து ஒன்றுமில்லாமல் போயிருந்தது. அவர்களுடைய திருமணம் 1824இல், பிளாக்பர்ன் தாய்த் தேவாலயத்தில். இருவருக்கும் கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி. மாப்பிள்ளையின் குறி கோணலாகவும் அழுத்தமாகவும் இருந்தது, பெண்ணின் குறி சிறியது. இரண்டு ஆண்டு கழித்து, 1826 ஏப்ரலில், பட்டினி பொறுக்காத கிழக்கு லங்காஷயர் நெசவாளர்கள் மில் மில்லாகப் போய் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விசைத்தறிகளை உடைத்தார்கள். சாட்டர்டனில் ராணுவம் சுட்டதில் உயிர்கள் போயின. கோணல் குறி வைத்த இவரும் அந்தக் கூட்டத்தில் போனாரா என்று அத்தை கேட்டார்கள். ஏட்டில் இல்லாததை நான் சொல்லமாட்டேன் என்றேன்.

அவருக்கு முன்னால் 1813க்கு முந்தைய பதிவேடுகள். குழந்தையின் பெயர், தகப்பனின் பெயர், தேதி. பல பக்கங்களில் அதற்கு மேல் எதுவும் இல்லை. ஆயருக்கு ஆண்டுதோறும் அனுப்பிய பிரதிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். சில நேரம் மூலத்தில் விட்டுப்போன ஊர்ப்பெயர் பிரதியில் இருக்கும். இப்போதைக்குப் பொருந்தக்கூடியவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். மூவரில் எவரையும் நான் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

மாற்றாந்தந்தை வீட்டைக் கண்டுபிடித்த இரவு தூக்கம் வரவில்லை. ஒரு குழந்தை இரண்டு குடும்பப் பெயர்களில் வாழ முடியும் என்றால், அந்தப் பதினொன்றாவது பிள்ளையும் அப்படி இருந்திருக்கலாமே? மறுநாள் நூலகம் திறக்கும்போதே போய்விட்டேன். இந்த முறை பிறப்பைத் தேடவில்லை. அந்தக் குடும்பப் பெயரில் 1885க்கும் 1911க்கும் இடையில் பிளாக்பர்ன் வட்டாரத்தில் இறந்த ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் எல்லாரையும் பட்டியலிட்டு, ஒவ்வொருவருக்கும் பிறப்பை இணைத்துக்கொண்டே வந்தேன். பொதுவான பெயர் ஆகையால் பட்டியல் நீளமாக இருந்தது. நான்காம் நாள் மாலை ஒரே ஒரு குழந்தை மிஞ்சியது. 1886 மார்ச் காலாண்டில் இறந்த, இரண்டு வயதுப் பெண். அந்தக் குடும்பப் பெயரில் அப்படி ஒருத்தி பிறக்கவே இல்லை.

கொள்ளுப்பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயரில் 1884ஐத் தேடினேன். இருந்தாள். தாயின் பிறந்த வீட்டுப் பெயருக்கான கட்டம் காலி. திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைகளுக்கு அந்தச் சுட்டில் அப்படித்தான் இருக்கும். முதல் பெயர் அதே பெயர். நடுப்பெயராக வைத்திருந்தது, பின்னால் கணவரானவரின் குடும்பப் பெயர். தகப்பன் யார் என்பதைப் பதிவேட்டில் எழுத முடியாத பெண்கள் பிள்ளையின் நடுப்பெயரில் எழுதிவைத்த வழக்கம் அன்று உண்டு. பிறப்புச் சான்றிதழின் முகவரியும், 1881 கணக்கெடுப்பில் கொள்ளுப்பாட்டி பெற்றோரோடு இருந்த தெருவும் ஒன்று. இறப்புச் சான்றிதழில், 'பருத்தி நெசவாளர் ஒருவரின் மகள்' என்று அந்த மனிதரின் பெயர் முழுமையாக இருந்தது. தகவல் சொன்னவர் தாய், சாகும்போது உடனிருந்தவர், கைநாட்டு.

திருமணம் 1885 ஆகஸ்டில் நடந்திருக்கிறது. அதன் பிறகும் சட்டத்தின் கண்ணில் அந்தக் குழந்தை அவர்களுடைய முறையான பிள்ளை ஆகவில்லை. பெற்றோர் பின்னர் மணந்துகொண்டால் பிள்ளைக்கு உரிமை உண்டு என்ற சட்டம் இங்கிலாந்தில் 1926இல்தான் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் 1911 தாளின் படத்தைத் திறந்து, அந்த எண்களைத் திரை நிறையும்படி பெரிதாக்கினேன். படிவத்தின் தலைப்பில் தெளிவாக அச்சடித்திருக்கிறது: 'இந்தத் திருமணத்தில்' உயிரோடு பிறந்த பிள்ளைகள். முதலில் அவர் அதற்குச் சரியாகத்தான் 10 என்று எழுதியிருக்கிறார். பிறகு பூஜ்யத்தின் மேல் பேனாவை வைத்து ஒன்றாக்கியிருக்கிறார். கடைசிக் கட்டத்திலும் ஐந்தின் வயிற்றை இழுத்து மூடி ஆறாக்கியிருக்கிறார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இறந்த, அரசாங்கம் கேட்காத ஒரு பெண் குழந்தையை அவர் கணக்கில் சேர்த்துவிட்டார். எழுதிக்கொண்டிருந்தபோது மனைவி பக்கத்தில் நின்று சொன்னாரா, அவருக்கே மனம் கேட்கவில்லையா, தெரியாது. மை மட்டும் தடித்திருக்கிறது.

நகராட்சிக் கல்லறையின் அடக்கப் பதிவேட்டில் ஆறு பேரும் இருக்கிறார்கள். ஆறு பேரும் பொதுக் குழிகளில், உறவே இல்லாத பலரோடு. கல் எதுவும் இல்லை. பகுதி எண்ணும் குழி எண்ணும் எழுதிக்கொண்டு அத்தையை அழைத்துப் போனேன். புல்தரை, தொலைவில் ஒரு சுவர், காற்று. முதல் பெண்ணின் இடத்தைக் கண்டுபிடிக்க அலுவலர் ஒருவர் வரைபடத்தோடு வந்து பக்கத்துக் குழிகளின் கற்களிலிருந்து தப்படியால் அளந்து காட்டினார். அத்தை அந்த இடத்தில் கையுறையைக் கழற்றிவிட்டுக் குனிந்து புல்லைத் தொட்டார்கள்.

வீட்டுக்குத் திரும்பியதும் 1911 தாளின் அச்சுப் பிரதி ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். கொடுத்தேன். மேஜையில் வைத்து, பென்சிலைச் சீவி, பிள்ளைகளின் வரிசைக்குக் கீழே இருந்த காலி வரிகளில் ஐந்து பெயர்களையும் வயதுகளையும் எழுதினார்கள். அடித்திருந்த பெயரை மறுபடியும் எழுதவில்லை. அதன் பக்கத்திலேயே வயதுக் கட்டத்தில் 4 என்று போட்டார்கள். மூத்தவளின் பெயரை எழுதும்போது மட்டும் நிறுத்தி, "எந்தக் குடும்பப் பெயரைப் போடுவது?" என்று என்னைக் கேட்டார்கள். "அவர் எண்ணிக்கொண்டது எந்தப் பெயரிலோ அதைப் போடுங்கள், அத்தை" என்றேன்.